ஞாயிறும் கிருத்திகையும் மோதும் நாள்: கறிக்குழம்பு இழப்பின் பொது மடங்கு குறித்து ஓர் ஆய்வு

தமிழ்க் குடும்பங்களில் கறிக்குழம்புக்கு எதிராக இயங்கும் சக்திகளைக் கிழமை வகை, நட்சத்திர வகை, திதி வகை என மூன்றாகப் பகுக்கலாம். செவ்வாய், வெள்ளி, சில வீடுகளில் சனி ஆகிய கிழமைத் தடைகள் சொல்லிவைத்து வருபவை, ஆய்வுக்குரியவை அல்ல. புரட்டாசியும் அப்படியே. மாதம் முழுக்கத் தடை என்றான பிறகு கணக்கிட என்ன இருக்கிறது? ஞாயிறு காலை பையோடு வாசற்படி தாண்டும் குடும்பத் தலைவரை, "இன்னைக்குக் கிருத்திகைங்க" என்ற ஒற்றைக் குரல் திருப்பி உள்ளே அழைக்கும் நிகழ்வே நம் ஆய்வுப்பொருள்.

இதைத் தலைவிதி என்பது பாதிக்கப்பட்டோரின் கொள்கை. அதை இக்கட்டுரை மறுக்கிறது.

ஞாயிறு 7 நாளுக்கு ஒருமுறை வரும். கிருத்திகை 27 நட்சத்திரங்களில் ஒன்று. எனவே ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை. இரண்டின் மடங்குகளையும் தனித்தனி வரிசையாக எழுதிப் போனால், இரண்டிலும் முதலில் தட்டுப்படும் எண் 189. இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இரு எண்களையும் பெருக்கி, அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் போதும் என்ற வழி யூக்ளிடின் ஏழாம் புத்தகத்திலேயே இருக்கிறது. (அவருக்குக் கிருத்திகைத் தொல்லை இல்லை; ஆற அமர யோசித்திருக்கிறார்.) ஆனால் 7-க்கும் 27-க்கும் 1-ஐ விட்டால் பொதுக் காரணி கிடையாது. ஆகவே தள்ளுபடியும் கிடையாது. கிருத்திகை எந்தக் கிழமையில் தொடங்கினாலும், அடுத்தடுத்த ஏழு கிருத்திகைகளில் ஏழு கிழமைகளையும் தொட்டே தீரும். ஞாயிறு தப்பாது.

சந்திரன் இதில் சிறு கருணை காட்டுகிறது. அது வான்வட்டத்தைச் சுற்றிவர உண்மையில் எடுத்துக்கொள்வது 27.32 நாள். ஏழு சுற்றுக்கு 189 அல்ல, 191 நாளும் சொச்சமும். ஞாயிறன்று விழுந்த கிருத்திகை ஏழு சுற்று கழித்துச் செவ்வாயில் போய் விழ வாய்ப்புண்டு. அன்றைக்கு எப்படியும் கறி இல்லை, நஷ்டமும் இல்லை.

இங்கிருந்துதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. தடைகள் தனித்தனியே வந்தால் நஷ்டம். ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் லாபம். அப்படியானால் அமாவாசையும் ஏகாதசியும் சேர்ந்து வந்தால் என்ன? ஒன்று 30 திதிக்கு ஒருமுறை, மற்றது 15 திதிக்கு ஒருமுறை. மீச்சிறு பொது மடங்கு 30. மாதம் ஒருமுறை சந்திக்கும் என்று கற்றுக்குட்டி துள்ளுவான். சந்திக்கவே சந்திக்காது. தேய்பிறை ஏகாதசிக்கு நாலு திதி தள்ளித்தான் என்றைக்கும் அமாவாசை. மடங்கு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, புறப்பட்ட இடமும் ஒத்துவர வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

சரி, அமாவாசையும் கிருத்திகையும்? 27-க்கும் 30-க்கும் 270 என்று விடை வரும். பஞ்சாங்கம் இதையும் ஏற்காது. அமாவாசை என்றால் சூரியனும் சந்திரனும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம். சூரியன் கிருத்திகையில் நிற்பதோ சித்திரைக் கடைசி முதல் வைகாசி முற்பகுதி வரை, இரண்டு வாரத்துக்குள்தான். அந்த இடைவெளியில் அமாவாசை வந்தால் இரட்டைத் தடை ஒரே நாளில் தீர்ந்தது. வராத ஆண்டுகளும் உண்டு.

வியாழனின் 12 ஆண்டையும் சனியின் 30 ஆண்டையும் பொருத்தினால் வருவது 60. பிரபவ முதல் அட்சய வரை நாம் சுற்றிவரும் ஆண்டுகளும் அத்தனையே. கிரகங்களுக்கு இவ்வளவு பொருத்தம் பார்க்கிற ஊரில் ஆட்டுக்கறிக்கு ஒரு வரியும் இல்லை.

ஆகவே தினசரி காலண்டர் அச்சிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறன்று கிருத்திகை விழும் வாரத்தில், அதை அந்த ஞாயிற்றுத் தாளில் அச்சிட்டுப் பயனில்லை. புதன்கிழமைத் தாளிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். புதனன்று வாங்கிச் சமைக்கக் கிழமைத் தடை ஏதும் இல்லை.