பல்பு வாங்குதல்

மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டுக்கு இரண்டு வேலைகள். ஓட்டுபவருக்குச் சாலையைக் காட்டுவது ஒன்று. சாலையில் இருப்பவர்களுக்கு வண்டியைக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவது வேலையை 35 வாட் பல்பு குறையில்லாமல் செய்துவிடும். வம்பெல்லாம் முதல் வேலையில்தான். நகரத்துக்குள் தெருவிளக்கும் கடை விளக்கும் சேர்ந்து மானத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. வண்டி வாங்கிப் பல மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ இரவில் ஊர்ப்பக்கம் போகும்போதுதான், முன்னால் எரிவது ஹெட்லைட் அல்ல, கார்த்திகை அகல் என்பது உரிமையாளருக்கு உறைக்கிறது.

ஊர்ப்பக்கச் சாலையில் பார்த்தே ஆகவேண்டியவை சில உண்டு. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. கரும்பு லோடோடு, பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் ஓரங்கட்டிய டிராக்டர் டிரெய்லர். பகல் சூடு ஆறாத தாரில் சுகமாகப் படுத்திருக்கும் எருமை. டெல்டா மாவட்டங்களில் அறுவடை சமயத்தில் பாதிச் சாலையில் நெல் காயும்; அதன் எல்லையைக் காட்ட வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை அள்ளுவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். கண்ணில் படுவது கல்தான் என்று மனம் ஒப்புக்கொண்டு, கை பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்கே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் ஒழுங்காகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டராவது வேண்டும். ஆகவே கல் 50 மீட்டருக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். 30 மீட்டரில் தெரிந்தால் அது தகவல் மட்டுமே.

இந்தக் கணக்கு புரிந்தவுடன் மனிதர் செய்யும் முதல் காரியம் பல்பு வாங்குவது. தமிழில் இந்தச் சொற்றொடருக்கு இருக்கும் இன்னொரு பொருளும் பெரும்பாலும் கூடவே நடந்துவிடுகிறது.

ஹாலோஜன் விளக்கு உள்ள சாதாரண 100, 125 சி.சி. வண்டிகளில் காணப்படுவது எச்.எஸ்.1 என்னும் ரகம். டிம் 35 வாட், பிரைட் 35 வாட். டிம்மில் 525 லூமென், பிரைட்டில் 825 லூமென் அதன் அளவு. கார்களுக்கு உரிய எச்4 ரகம் பார்வைக்கு இதன் அண்ணன் போலவே இருக்கும்: 60/55 வாட், பிரைட்டில் 1,650 லூமென், டிம்மில் 1,000. அண்ணன் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தம்பிக்குப் போடுவது போல, அடித்தட்டின் காதுகளைக் கொஞ்சம் ராவினால் அண்ணன் தம்பியின் இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அரம் எல்லா மெக்கானிக் கடையிலும் இருக்கிறது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் இரண்டு மடங்கு தூரம் தெரியும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே வந்து நிற்கும். 30 மீட்டர் தெரிந்த இடத்தில் 42 மீட்டர்வரை தெரியும், அவ்வளவுதான். 60 மீட்டர் தெரிய வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும்.

ஹாலோஜன் பல்பின் உள்ளே டங்ஸ்டன் இழை ஆவியாகிக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் அயோடினோ புரோமினோ அந்த ஆவியைப் பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்குக் கண்ணாடி மிகவும் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்கிறார்கள்: விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் தனியாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். கடைகளில் இது நன்றாகவே தெரியும். மெக்கானிக் பல்பை விரலால் எடுத்து, தவறை உணர்ந்து, தன் சட்டையில் நன்றாகத் துடைத்துத்தான் மாட்டுவார். அந்தச் சட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கரண்டு. பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டின் காயிலிலிருந்து ஏ.சி. கரண்டு நேராக விளக்குக்குப் போகும். முறுக்கினால் விளக்கு விழிக்கும். விட்டால் கண் சொக்கும். பள்ளம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்த அந்த நொடியிலேயே பள்ளம் இருட்டுக்குள் போய்விடும். இதற்கு மாற்றாக, கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டுப் பள்ளத்தைப் பார்க்கும் கலை ஒன்று வளர்ந்தது. வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள் சத்தத்தை வைத்தே வண்டி எந்தப் பள்ளத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கு உண்மையான மருந்து காயிலில் இருக்கிறது. காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனி ஒயராக வெளியே எடுத்து, ஃபுல் வேவ் ரெகுலேட்டர் மாட்டினால், விளைந்த கரண்டு முழுவதும் டி.சி.யாகப் பேட்டரிக்குப் போகும். ஹெட்லைட்டைப் பேட்டரியிலிருந்து எரிக்கலாம். அரைநாள் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது என்பதால் இதைச் செய்துகொள்பவர்கள் குறைவு.

வெளியில் தெரியாத இன்னொரு வேலை ரிலே. தொழிற்சாலையில் போட்ட மெல்லிய ஒயர் வழியாக, ஹேண்டில்பார் சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கரண்டு பாதி வழியிலேயே களைத்துவிடும். இழை பல்பின் ஒளி வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. வோல்டேஜில் 10 சதவீதம் குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை ஃபியூஸ் வைத்து நேராக இழுத்து, பழைய ஒயருக்கு ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் கொடுத்தால், போன வெளிச்சம் அதே பல்பில் திரும்பி வரும். பழைய புல்லட், ஜாவா போன்ற 6 வோல்ட் வண்டிகளின் சோகமும் இதுதான்: அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும், ஒயரில் இழப்பும் அதற்கேற்ப. பிரிட்டிஷ் பைக்குகளுக்கு மின்சாமான் செய்துகொடுத்த ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று அந்நாட்டு ஓட்டுநர்களே கேலி செய்தார்கள்.

ரிலே போடாமல் வாட்டை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதை எழுதுபவரே சாட்சி. பேட்டரியில் விளக்கெரியும் 150 சி.சி. வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதற்குச் சென்னை புதுப்பேட்டையில் 100/90 வாட் பல்பு வாங்கினார். கடைவாசலிலேயே மாட்டிச் சுவிட்சைப் போட்டதும், எதிர்ச்சுவர் போஸ்டரில் அச்சகத்தின் பெயர்வரை படிக்க முடிந்தது. செங்கல்பட்டைத் தாண்டியபோது ஏதோ அடிப்பிடித்த வாசனை வந்தது. சாலையோரத்து வீட்டில் யாரோ குழம்பைத் தீய்த்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரரை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே போனார். பத்து கிலோமீட்டர் கழித்தும் அதே வீட்டுக் குழம்பு கூட வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ஹோல்டர் உருகி, பல்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. எட்டு ஆம்பியருக்கு மேல் அந்த ஒயரில் போகக்கூடாது என்று அதைப் போட்டவர்களுக்குத் தெரியும். பல்பை விற்றவருக்கும் தெரிந்திருக்கலாம். மீதி வழியை ஒரு லாரிக்குப் பின்னால், அதன் வெளிச்சத்தில் கடந்தார். வழி முழுக்கப் படிக்கக் கிடைத்தது ‘ஒலி எழுப்பவும்’ மட்டும்தான்.

இப்போது கடைகளில் எல்.இ.டி. காலம். பெட்டியின் மேல் 20,000 லூமென் என்று அச்சிட்டிருக்கும். பின்பக்கத்தில் 20 வாட் என்றும் இருக்கும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென்வரை தரும். பெருக்கிப் பார்ப்பவர்கள் அந்தக் கடைக்கு வருவதில்லை. உண்மையான 2,000 லூமென்கூடப் பெரிய வெளிச்சம்தான்; அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி. ஹாலோஜன் பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். டிம் இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு சின்ன உலோகத் தகடு. அந்தத் தகடு கீழ்ப்பக்க ஒளியைத் தடுத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் ஒளியை விடுகிறது. மேல்பாதி அதைச் சாலையை நோக்கிக் கீழே திருப்புகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் அந்த ஒரே புள்ளியை நம்பிச் செய்யப்பட்டது. அதே இடத்தில் அதே அளவில் சில்லு அமையாத எல்.இ.டி.யைச் சொருகினால் ஒளி சாலைக்கும் போகும், புளியமரத்துக்கும் போகும், எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகும். ஓட்டுபவருக்கு என்னவோ திருப்தியாகத்தான் இருக்கும், ஏனென்றால் கிளையில் தூங்கும் காக்கைவரை தெரிகிறது. கல் மட்டும் பழைய தூரத்தில்தான் தெரியும். இதைத் தவிர்க்க ஒளியின் எல்லையைத் தானே வெட்டித் தரும் புரொஜெக்டர் லென்ஸ் உண்டு. வண்டியோடு வரும் எல்.இ.டி. ஹெட்லைட்டுகளிலும் இந்தக் குறை இல்லை, அவற்றின் ரிஃப்ளெக்டரே சில்லுக்காகச் செய்யப்பட்டது.

எல்.இ.டி.யின் சூடு முன்னால் வராது, முதுகில் சேரும். அதற்காகப் பின்னால் ஒரு குட்டி ஃபேன். ஃபேனுக்கு இடம் போதாமல் ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடியைக் கத்தியால் வெட்டுவார்கள். முதல் மழையில் கிளாசுக்குள் பாதி தண்ணீர் நிற்கும், மீன் விடலாம். மழை என்றதும் நிறமும் வந்துவிடுகிறது. 6,000 கெல்வின் வெள்ளை ஒளி கடைவாசலில் அழகு. ஈரத் தார் கண்ணாடி மாதிரி. விழுந்த ஒளியை முன்பக்கமாகத் தள்ளிவிடும், ஓட்டுபவருக்குத் திருப்பித் தராது. மஞ்சள் ஒளியில் ஓட்டியவர்கள் மழைக்கு இதுதான் இதம் என்கிறார்கள். பிரான்ஸில் 1930-களிலிருந்து 1993 வரை அந்நாட்டு வண்டிகளின் ஹெட்லைட்டுகள் மஞ்சளாகத்தான் எரிந்தன.

ஃபாக் லைட், எக்ஸ்ட்ரா லைட் எல்லாம் இந்தப் பட்டியலில் கடைசியாக வர வேண்டியவை. வாங்கப்படும் வரிசையில் முதலில் வருகின்றன. பைக்கின் காயில் தரும் மொத்தக் கரண்டையும் அவையே குடித்துவிட்டால், காலையில் செல்ஃப் எடுக்காது. உதைக்கக் கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ள ஆள் தேட வேண்டும்.

காசு செலவில்லாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஹெட்லைட்டின் கீழேயோ பக்கத்திலோ ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருப்பினால் விளக்கு தலை நிமிரும், குனியும். டயரில் காற்று சரியாக வைத்து, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தி, எப்போதும் உட்கார்பவர் உட்கார்ந்து டிம் போட வேண்டும். சுவரில் விளக்கின் உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒளியின் மேல்விளிம்பு அதற்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அடுக்குமாடிக் காம்பவுண்டில் இதைச் செய்தால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கூடி, ஒளிவட்டத்தில் விரலால் நாய், மான் எல்லாம் காட்டுவார்கள். வாட்ச்மேன் வந்து, “சார், சுவத்துல கோடு போடாதீங்க, அசோசியேஷன்ல கேப்பாங்க” என்பார். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம். பின்னால் ஒருவர் ஏறி, வண்டியின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்கினால், 10 மீட்டரில் ஒளி 38 சென்டிமீட்டர்போல மேலே ஏறிவிடும். டிம்மாகப் போட்டது பிரைட்டாகிவிடும். எதிரே வருபவர் டிம் அடி என்று சைகை காட்டுவார். ஓட்டுபவர் ஏற்கெனவே டிம்மில்தான் இருக்கிறார். காரணம் பின்சீட்டில் இருக்கிறது என்பதை அந்தச் சமயத்தில் அங்கே சொல்ல முடியாது. பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி ஏற்றி வைப்பது குடும்ப அமைதிக்கும் நல்லது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. அந்தக் கண் யாருடையது என்று விதி சொல்லவில்லை. எதிரே ஸ்கூட்டரில் வருபவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்பாட் லைட் வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி. நடைமுறையில் தமிழ்நாட்டுப் போலீசார் அவ்வப்போது வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கூச்சம் குறைந்ததோ இல்லையோ, பல வண்டிகளுக்கு அது திருஷ்டிப் பொட்டாக நிலைத்துவிட்டது.

இத்தனையும் செய்து முடித்தவரின் ஹெல்மெட்டைப் பார்ப்பது நல்லது. ஐந்து வருஷமாகச் சட்டை நுனியில் துடைத்துத் துடைத்து, வைசரில் பூனை பிறாண்டிய மாதிரி கோடுகள். எதிரே ஒரு விளக்கு வந்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக மின்னும். சிலருடையது கறுப்பு வைசர். பகலுக்காக வாங்கியது, இரவிலும் தொடர்கிறது. புது வைசரின் விலை அந்த எல்.இ.டி. பல்பைவிடக் குறைவு. மங்கிய ஹெட்லைட் கிளாசைப் பற்பசை தேய்த்துத் துடைத்தாலும் கொஞ்சம் தெளியும். இரண்டையும் விற்பனையாளர்கள் முதலில் சொல்வதில்லை.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட்டும் எரியும். அணைக்கச் சுவிட்ச் கிடையாது. இது வண்டியை மற்றவர்களுக்குக் காட்டும் அந்த இரண்டாவது வேலைக்காக. அது வந்த நாள் முதல், பட்டப்பகலில் எதிரே வருகிறவர்கள் ஐந்து விரலையும் குவித்து விரித்து, “லைட் எரியுது” என்று அக்கறையோடு சைகை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரசாணையை விளக்க முடியாதவர்களுக்காக, ஹெட்லைட்டை அணைக்கும் தனிச் சுவிட்ச் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. பல்பும் ரிலேயும் வாங்கிய அதே கவுன்டரில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதை மாட்டிக்கொண்ட சிலர் இரவில் போட மறந்துவிடுகிறார்கள். அப்போதும் எதிரே வருகிறவர் காட்டுவது அதே ஐந்து விரலைத்தான்.