லைக் போட்ட கை

கள்ளிக்குப்பத்து இளைஞர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கேட்டு வந்தால், சான்றிதழுக்கு முன்னால் அவருடைய ஃபேஸ்புக்கைப் பார்ப்பதே முறை. ஐடிஐ சான்றிதழ் லேத் ஓட்டத் தெரியும் என்று மட்டும்தான் சொல்லும். எந்த நடிகருக்காக யாருடன் மல்லுக்கட்டினார் என்று சொல்லாதே! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்களே என்பீர்கள். சொன்னார்கள்தான். ஆனால், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்குத் தான் பொருந்தாது என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டது. என்ன பெருந்தன்மை! ஆகவே தாராளமாகத் தோண்டலாம். கல்யாணப் படத்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்டவர், நாளை சம்பள உயர்வும் கேட்பார். நள்ளிரவில் லைக் போட்டவர் முதல் ஷிஃப்டுக்குத் தாமதமாக வருவார். கணக்கே இல்லாதவரா? அவர்தான் படு ஆபத்தானவர், எதையோ மறைக்கிறார். இத்தனையிலும் தேறியவரிடம் முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்: தன் சம்பளத்தைப் பக்கத்து மெஷின்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. நிறுவனத்துக்கும் அந்தரங்கம் உண்டல்லவா? தயவுசெய்து அதை மதியுங்கள்.