ஐந்தும் ஐந்தும் ஒன்றா?

கே: காட்டில் எத்தனை வகை மரம் என்று எண்ணினால் போதாதா? அதற்கும் ஒரு சூத்திரமா?

ப: ஒரு தோப்பில் 100 மரம். தேக்கு 96; வேம்பு, புளி, நாவல், இலுப்பை தலா ஒன்று. பக்கத்துத் தோப்பில் இதே ஐந்தும் தலா 20. இரண்டுமே ‘ஐந்து வகை’தான். நாலு மரத்தை ஒப்புக்கு நிறுத்திய தோப்புக்கும் அதே மார்க்கா?

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மரத்தைத் தொடுங்கள். இரண்டும் ஒரே இனமாக இருக்க முதல் தோப்பில் 92 சதவீத வாய்ப்பு, அடுத்ததில் 19தான். 1949இல் இந்தக் கணக்கைத் தந்த எட்வர்ட் சிம்ப்சன், இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ்காரர்!

மரம் நடுவிழாவுக்குப் போனால், ‘எத்தனை கன்று?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘எத்தனை இனம், ஒவ்வொன்றிலும் எத்தனை?’ என்றும் கேளுங்கள்.