பில்லு வேண்டாம்னு சொன்ன மருமவனுக்கு

வாரும் மருமவனே, இரியும். இன்ஜினைப் பிரிச்சு ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங்கு எல்லாம் மாத்திட்டு வந்த காரு, முப்பந்தல் காத்தாடிக்கு நடுவுல வெள்ளைப் புகை விட்டு நின்னுட்டாமே? காத்துக்காவது குறைவில்லாத இடம்.

செரி, பில்லை எடும். இல்லையா? ஜிஎஸ்டி மிச்சம்னு துண்டுச்சீட்டுல எழுதி வாங்கியாச்சு. கவர்மெண்டுக்குத் தெரியாம வேலையை முடிச்சிட்டு, இப்ப கவர்மெண்டு நியாயம் தரல்லன்னு குதிக்கீரே!

மெக்கானிக்கை 420-ல உள்ளே தள்ளணுமாக்கும்? அந்த நம்பரே 2024 ஜூலையில 318 ஆயாச்சு, ஓய். வேலை தெரியாதவனெல்லாம் மோசடிக்காரன் இல்லை. ஏமாத்தணும்னே பைசா வாங்கினான்னு காட்ட முடியுமா உம்மால? இல்லேன்னா ஸ்டேஷன்ல ‘சிவில் மேட்டரு’ன்னு திருப்பி அனுப்பிருவானுவ.

நாகர்கோவில்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த கூலி 5 லட்சத்துக்கு மேல போகல்லன்னா மனுவுக்கு ஃபீசு கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, நீரே பேசலாம். எனக்கு அதுதான் பயம். 2019 சட்டப்படி வீடு இருக்க மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். திருவனந்தபுரத்துல ரிப்பேர் பாத்திருந்தாலும் இங்கேயே இழுத்துட்டு வரலாம். கெடு 2 வருஷம். வாடகை வண்டின்னா, நீரே ஓட்டிப் பிழைக்கணும். நாலு டிரைவரை வச்சு ஓட்டினா வியாபாரம்னு தள்ளிருவாவ.

ஆனா அங்கே புகை வந்த கதையைச் சொன்னா போராது. எதனால வந்துதுன்னு கேப்பாவ. ஹெட்டு வளைஞ்சிருக்கான்னு பாக்காமலே அவன் கேஸ்கெட்டைப் போட்டானா? இல்ல, நீர் ரேடியேட்டர்ல தண்ணி பாக்காம ஓட்டினீரா? அவன் ரெண்டாவதைத்தான் சத்தியம் பண்ணுவான். அதனால, அடுத்த ஒர்க்‌ஷாப்புல போல்ட்டைக் கழத்துமுன்னே முதல் ஆளுக்கு ஸ்பீடு போஸ்ட்ல நோட்டீசு அனுப்பும், வந்து பாக்கட்டும். பிரிக்கும்போது போட்டோ எடும். பழைய சாமானை ஆக்கர்காரனுக்குப் போட்டிராதேயும். விஷயம் தெரிஞ்ச இன்ஜினியர்ட்ட எழுத்துல காரணம் வாங்கும். இது இல்லாமத் தோத்த வழக்கு நிறைய.

திரும்பவும் அவன்ட்டயே வண்டியை விட்டு, பாக்கி கூலி தராம எடுக்க விடமாட்டேன்னு அவன் மல்லுக்கு நின்னா, 1872 ஒப்பந்தச் சட்டத்துல 170-ஆம் பிரிவு அவனுக்கு அந்த உரிமையைக் குடுக்கு. சொன்ன வேலையைச் சொன்னபடி முடிச்சவனுக்குத்தான், கேட்டீரா?

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போட்டா முதல்ல சமாதானம் பேசிப் பாப்பாவ. சல்லிக்காசு செலவில்லை.

பணத்தை ஜிபேயில அனுப்பினீரா? அப்படிச் சொல்லும்! அதையும் வாட்ஸ்அப்பையும் பில்லுக்குப் பதிலா ஆதாரமா காட்டலாம். ஒண்ணையும் அழிச்சிராதேயும். ‘பில்லு வேண்டாம்ணே, குறைச்சுப் போடுங்க’ன்னு நீர் அனுப்பினதும் அதுலதான் கிடக்கும். அதையும் சேத்துதான் காட்டணும்.