வெட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எடிட்டிங் கற்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? அப்பாவிடம் புது லேப்டாப் கேட்டிருக்கிறேன்.
– மாணவி, திருச்சி

பதில்: அப்பா பாவம், கொஞ்ச நாள் விடுங்கள். நூறு வருஷத்துக்கு முன் மாஸ்கோவில் இயக்குநர் குலெஷோவின் மாணவர்களுக்கு லேப்டாப் என்ன, ஃபிலிமுக்கே பஞ்சம். பழைய படங்களை வெட்டி ஒட்டித்தான் படித்தார்கள். மொஸ்யூகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, விளையாடும் குழந்தை மூன்றோடும் ஒட்டிக் காட்டினாராம் குலெஷோவ். பார்த்தவர்கள் சிந்தனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு, 'என்னமா நடிக்கிறார்!' என்று உருகியதாக அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதிவைத்தார். (இன்றும் சில ஹீரோக்கள் இதை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.)

சாஃப்ட்வேரைவிட இந்த உணர்ச்சிதான் முக்கியம். 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு வெட்டுக்கு மார்க் போடும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதம் தருகிறார். அறையில் யார் எங்கே நிற்கிறார் என்ற கன்டினியூட்டிக்கு வெறும் 4. உங்கள் இன்டர்னல் மார்க்கில் இது தலைகீழாக இருந்தால் நான் பொறுப்பல்ல.

இப்போதைக்கு ஒரு வேலை: பிடித்த காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மேஜையைத் தட்டுங்கள். கை வலித்தால், அது டிரெய்லர்.