பட்டையை இறுக்காதீர்கள்

கேள்வி: தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காக சிபாப் கருவி வாங்கினேன். மாஸ்க்கில் காற்று கசிகிறது. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிறது. எது நல்ல மாஸ்க்?

பதில்: விலை கூடியதல்ல, உங்கள் மூக்குக்கு அளவானது. 1981-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் இந்தச் சிகிச்சையை அறிவித்த காலத்தில், மூக்கோடு காற்றுக்குழாயைச் சிலிகான் பசையால் ஒட்டித்தான் படுக்கவைத்தார்கள். நீங்கள் பட்டையோடு தப்பித்தீர்கள்! இன்றைய மாஸ்க்கின் ஓரத்திலுள்ள மெல்லிய சிலிகான் மடிப்பு, உள்ளே வரும் காற்றால் உப்பி முகத்தில் படிகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அது நசுங்கிக் கசிவு கூடும். ஆகவே கடையில் உட்கார்ந்தபடி கண்ணாடி பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண். படுத்து, உங்களுக்குரிய அழுத்தத்தில் கருவியை ஓடவிட்டு, புரண்டு பார்த்து வாங்குங்கள். ‘வாயையும் மூடும் பெரிய மாஸ்க் பாதுகாப்பல்லவா?’ என்பீர்கள். வாயால் மூச்சு விடுபவருக்கு அது தேவைப்படலாம். மற்றவருக்கு ஓரம் நீள நீளக் கசியும் இடமும் நீளும். மூக்கடைப்புதான் வாயைத் திறக்கவைக்கிறது என்றால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். தாடியும் கசிவுக்குக் கூட்டாளி. அதை எடுக்க மனமில்லாதவர்கள் மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சிறிய மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: மாஸ்க்கின் முன்புறத் துளைகளில் வரும் காற்றைக் கசிவென்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். நீங்கள் விட்ட மூச்சு வெளியே போகும் வழி அது.