சம்பந்தி வீட்டு வட்டமேசை

எங்கள் வீட்டில் எச்சிலுக்குத் தனிச் சட்டம் உண்டு. தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். சாப்பிடுகிற கையால் குழம்புக் கரண்டியைத் தொடக் கூடாது. உப்புப் பார்ப்பதென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கரண்டியையே வாய்க்குக் கொண்டு போகிறவர் அந்தக் கரண்டியோடு அப்படியே வாசலுக்குப் போய்விடலாம். இது என் மாமியார் இயற்றிய சட்டம். அவர் காலத்துக்குப் பிறகும் ஒரு திருத்தம்கூட இல்லாமல் நான் அமல்படுத்தி வந்தேன். அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போன இடத்தில், குவாங்சோவில், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று பையன் போன் பண்ணினான்.

பெண் நல்ல பெண். கணக்கில் கெட்டிக்காரி என்பதால், கணக்கு டீச்சராக இருந்து ரிடையரான எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர்கள் பக்கத்தில் இரண்டு பேரும் பிறந்த வருடத்து மிருகங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். எங்கள் ஜோசியர் பெண்ணின் பிறந்த நேரத்தில் இரண்டரை மணியைக் கழித்து இந்திய நேரமாக்கிக்கொண்டு, பத்துக்கு ஏழு என்றார். கல்யாணம் திருச்சியில் நடந்தது. பிறகு சம்பந்தி வீட்டுக்கு முறையாகப் போய் வர வேண்டும் இல்லையா, கிளம்பினோம்.

குவாங்சோ தெற்குச் சீனாவில், முத்து நதிக்கரையில் இருக்கிற பெரிய துறைமுக நகரம். அந்த ஊர்க்காரர்களின் சாப்பாட்டு ஆசையை மற்றச் சீனர்களே கேலி செய்வதுண்டு: நாலு கால் உள்ளதில் மேசையையும், பறக்கிறதில் விமானத்தையும் மட்டும்தான் விட்டுவைப்பார்களாம். இவர், என் வீட்டுக்காரர், இதை எங்கேயோ படித்து வைத்திருந்தார். விமானத்தில் பெல்ட் போட்டுக்கொண்டே, “நல்லவேளை, இதைத் தொட மாட்டாங்க” என்றார். நாங்கள் ஆடு, கோழி, மீன் சாப்பிடுகிறவர்கள். செவ்வாய், வெள்ளி அதுவும் கிடையாது. என் பெட்டியில் புடவைகளைவிடப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நார்த்தங்காயும்தான் அதிகம்.

சம்பந்தி வீடு, லிவான் என்கிற பழைய பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட். சமையல் சம்பந்தியுடையது, பஸ் ஓட்டி ரிடையரானவர். சம்பந்தியம்மா காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். உள்ளே ஒரே ஒரு வாணலி, ஒரே ஒரு வெட்டுக்கத்தி. அடுப்புத் தீ விமானம் கிளம்புகிற சத்தத்தில் எரிகிறது. கீரை உள்ளே போன வேகத்தில் பூண்டு வாசனையோடு வெளியே வருகிறது. நாம் தாளிக்கக் கடுகு டப்பாவைத் தேடுகிற நேரத்தில் அங்கே ஒரு பதார்த்தம் முடிந்து தட்டுக்கு வந்துவிடும்.

அவசரமே இல்லாதது சூப் மட்டும்தான். காலையில் சிம்மில் வைத்தால் மூன்று மணி நேரம் கொதிக்கும். கோடையானதால் வெண்பூசணியும் வாற்கோதுமையும் போட்டிருந்தார்கள். வழக்கமாகச் சேர்க்கிற பன்றி எலும்புக்குப் பதிலாக, எங்களுக்காகக் கோழி. நம் ஊரில் திருஷ்டி சுற்றி நடுத்தெருவில் உடைக்கிற காய்க்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, மருமகளின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். மருமகள், “அத்தை, உங்களுக்கு உடம்புல சூடு அதிகமாம்” என்றாள்.

அவ்வளவுதான், பாட்டியும் நானும் ஒரு கட்சி ஆகிவிட்டோம். லிச்சிப் பழம் சூடு, எண்ணெயில் பொரித்தது சூடு, பாகற்காய் குளிர்ச்சி, செவ்வந்திப்பூத் தேநீர் குளிர்ச்சி என்று அவர் பட்டியல் போட, நான் மாம்பழத்தையும் வெந்தயத்தையும் அதனதன் இடத்தில் சேர்த்தேன். டாக்டர்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு சாஸ்திரத்தில் இரண்டு நாட்டுக் கிழவிகள் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சூடு தணிக்கக் கஷாயக் கடைகளே அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அதில் வாங்லாவ்ஜி என்கிற பெயர் 1828-லிருந்து இருக்கிறது. பாட்டி எங்களை ஒரு கடைக்கு அழைத்துப்போய் ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். நிலவேம்பின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு கசப்பு. நான் முகம் சுளிக்காமல் குடித்தேன். இவர் தன்னுடையதைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விரதத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று கவலைப்பட்டேன். தேவையே இருக்கவில்லை. பாட்டி சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவமாம். அமாவாசையையும் பௌர்ணமியையும் விட்டுக்கொடுக்காத ஒரு ஜீவன் சம்பந்தி வீட்டில் இருப்பதைப் பார்த்ததும், ஜோசியர் போட்ட ஏழு பொருத்தத்தை நானே எட்டாக்கிக்கொண்டேன்.

சிக்கல் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. நம் வழக்கத்தில் ஆளுக்கு ஒரு இலை. என் இலை என் தேசம். உப்பும் ஊறுகாயும் இருக்க வேண்டிய மூலை முதல் எல்லை வகுத்தாயிற்று. பக்கத்து இலை அப்பளத்தில் கை வைப்பது குழந்தைகளுக்கு மட்டுமே மன்னிக்கப்படுகிற ஆக்கிரமிப்பு. அங்கே சொந்தமென்று ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் சோறுதான். மற்றதெல்லாம் நடுவில், எல்லாருக்கும் பொது. ஒவ்வொருவரும் சாப்ஸ்டிக்கை நீட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவார்கள். அதே குச்சி திரும்பவும் நடுவுக்குப் போகும். எட்டுப் பேர், ஐந்து பதார்த்தம், ஒரு சாப்பாட்டுக்குள் எத்தனை வழிகளில் யாருடைய எச்சில் யாருக்கு வரும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். பிளஸ் டூ பாடத்தில் அவ்வளவு பெரிய எண் வராது.

ஆனால் மருமகள் முன்கூட்டியே யோசித்திருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் எடுக்கிறதற்கென்று தனியாக ஒரு ஜோடி சாப்ஸ்டிக் இருந்தது. இது எனக்காகக் கண்டுபிடித்ததும் இல்லை. 2002 கடைசியில் சார்ஸ் நோய் கிளம்பியதே இந்தக் குவாங்தோங் மாகாணத்தில்தான். அதற்குப் பிறகும், 2020-ல் கொரோனா வந்தபோது இன்னும் பலமாகவும், பொதுச் சாப்ஸ்டிக்கால் எடுங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. உணவகங்களில் ஆளுக்கு இரண்டு ஜோடி வைக்கிற வழக்கமும் உண்டு, எடுக்க ஒன்று, உண்ண ஒன்று. என் மாமியார் ஒரு வைரஸின் உதவியும் இல்லாமல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டின் கடைக்குட்டி, மருமகளின் தம்பி மகன், மூத்தவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரையும் முறை சொல்லிச் சாப்பிட அழைத்தான். பாட்டி, தாத்தா, பெரியப்பா என்று வரிசை தவறாமல் வந்து, எங்களையும் கூப்பிட்ட பிறகே கிண்ணத்தைத் தொட்டான். எங்கள் தெருவில் இந்த வயதுப் பிள்ளைகளைச் சாப்பிட வைக்க நாம்தான் பின்னாலேயே ஓட வேண்டும்.

முதலில் சூப். பிறகு ஆவியில் வேகவைத்த முழு மீன்: மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும், அதன்மேல் காய்ந்த எண்ணெயும் சோயாவும். மிளகாய்த்தூளுக்கு அனுமதி இல்லை. அப்புறம் கோழி. அது இல்லாமல் விருந்தில்லை என்பது அந்த ஊர்ச் சட்டம். மஞ்சள்கூடப் போடாமல் தண்ணீரில் வேகவைத்து, தலையோடு அடுக்கிய வெள்ளைக் கோழி. தொட்டுக்கொள்ள இஞ்சி எண்ணெய். “இதுக்கு மசாலா போட மறந்துட்டாங்களா?” என்று இவர் என் காதில் கேட்டார். சாப்பிட்டுப் பார்த்த பிறகு, மசாலாவெல்லாம் எதற்கு, கோழி நல்ல கோழியாக இருந்தால் போதாதா என்று கட்சி மாறினார். அதே உற்சாகத்தில் தன் சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டமாகக் குத்தி வைத்துவிட்டு மீசையைத் துடைத்தார். பாட்டி பாய்ந்து பிடுங்கிப் படுக்க வைத்தார். அப்படி நிற்க வைத்தால் செத்தவர்களுக்குப் படைத்து ஊதுபத்தி ஏற்றின கணக்காம். எண்பது தாண்டிய ஒருவரிடம் அந்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை.

இலையில் மிச்சம் வைக்காதே என்பது நான் வளர்ந்த முறை. விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் வளர்ந்த முறை. இரண்டும் நல்ல பழக்கம்தான், ஒரே மேசைக்கு வராத வரை. நான் மரியாதைக்காகக் காலி செய்வேன். சம்பந்தியம்மா மரியாதைக்காக நிரப்புவார். மறுபடி காலி செய்வேன், கூடுதலாக நிரப்புவார். ‘பாவம், பசி போல’ என்று அவர் முகத்தில் ஒரு கவலை வேறு. “அம்மா, கொஞ்சம் மிச்சம் வைம்மா, அப்பதான் நிறுத்துவாங்க” என்று பையன் தமிழில் சொன்னபோது எனக்கு மூச்சே முட்டியிருந்தது.

பேச்சு சூடு பிடித்தது. பாட்டிக்குக் குஷி வந்துவிட்டது. பொதுச் சாப்ஸ்டிக் தட்டோரமாகச் சும்மா கிடக்க, தன் வாயிலிருந்து வந்த குச்சியாலேயே மீனின் கன்னத்துச் சதையை நோண்டி எடுத்தார். மீனில் அதுதான் ஆக மெத்தென்ற இடம். இருப்பது இரண்டே துண்டு. இரண்டையும் கொண்டுவந்து என் கிண்ணத்தில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை அமைதியானது. மருமகள் முகம் வெளிறியது. பையன் கூரையைப் பார்த்தான். நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். காளத்தியில் கண்ணப்பர் கடித்துப் பதம் பார்த்துத்தான் இறைச்சியைக் கொடுத்தார். ஈசன் வேண்டாமென்று சொல்லவில்லை; நாயனார் பட்டமும் கொடுத்தார். அவருக்கே ஆட்சேபணை இல்லாதபோது, திருச்சியில் பென்ஷன் வாங்குகிற நான் யார்? சாப்பிட்டேன். மாமியார் சட்டத்தில் முதல் திருத்தம் அன்று நிறைவேறியது: எண்பது வயதுக்கு மேற்பட்டவர் ஆசையோடு வைத்தால் அது எச்சில் ஆகாது. மூத்தவர்கள் யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு வெளியே போனோம். தேநீர் குடிக்கப் போகிறோம் என்றார்கள். நான் ஒரு டீயும் பிஸ்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அது மூன்று மணி நேரச் சாப்பாடு. ஆயிரம் பேர் உட்காருகிற மண்டபம், வட்டமேசைகள், நடுவில் சுழலும் கண்ணாடி, வாசலைப் பார்த்த நாற்காலி முக்கிய விருந்தாளிக்கு. பெரியவர்கள் விடிகாலையிலேயே வந்து பேப்பரோடு இடம் பிடித்திருந்தார்கள். அங்கேதான் நான் அந்த ஊரை முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன். கொதிக்கக் கொதிக்க முதல் தேநீர் வந்ததும் யாரும் குடிக்கவில்லை. கோப்பை, கிண்ணம், கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அதில் அலசி, தண்ணீரை ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டினார்கள். பாத்திரங்களெல்லாம் ஏற்கெனவே சுத்தம்தான் என்றாள் மருமகள். இருந்தாலும் அலச வேண்டுமாம். ஓட்டல்காரனை நம்பாத ஒரு நகரம்! என் மாமியார் இருந்திருந்தால் அங்கேயே வீடு பார்த்திருப்பார்.

யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும், அது நன்றி. 18-ஆம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது தன் வேலையாளுக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். கீழே விழுந்து கும்பிட்டால் வேடம் கலைந்துவிடும். அதனால் அவன் விரல்களை மடக்கி மண்டியிட வைத்தான் என்று கதை. நான் தட்டித் தட்டியே கைவலி கண்டேன். மூங்கில் கூடைகளில் இறால் கொழுக்கட்டை வந்தது. அரிசிமாவில் ஆவியில் வார்த்துச் சுருட்டிய, இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று வந்தது. கஞ்சியும் முட்டை டார்ட்டும் வந்தன. கடைசியாக, பொரித்து ஊறவைத்து வேகவைத்த கோழிப் பாதங்கள், நகம் வெட்டிய விரல்களோடு. இவர் ஒரு கூடையைத் தனியாக முடித்துவிட்டு, எலும்புகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினார்.

அப்புறம் பில். நம் ஊரில் சம்பந்திச் சண்டை ‘நீ கொடு’ என்பதில் வரும். அங்கே ‘நான்தான் கொடுப்பேன்’ என்பதில் வருகிறது. சம்பந்தியும் அவர் அண்ணனும் கல்லாவுக்கு முன்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் கையை மற்றவர் முறுக்கினார். குடும்பமே உடைந்தது என்று நான் எழுந்துவிட்டேன். மருமகள் நிதானமாக முட்டை டார்ட் தின்றுகொண்டிருந்தாள். ‘நம்ம மானம் என்னாவறது’ என்று இவரும் ரூபாய் மாற்றி வைத்திருந்த யுவான் கட்டோடு களத்தில் குதித்தார். கல்லாவில் இருந்த பெண் மூன்று பேரையும் பார்த்து ஏதோ சொன்னாள். மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து சம்பந்தியம்மா எப்போதோ பணம் கட்டிவிட்டிருந்தார்.

அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய தின விடுமுறை. பாட்டி உட்பட அனைவரும் திருச்சிக்கு வருகிறார்கள். புரட்டாசி என்பதால் எங்கள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். இரண்டு நாள் சைவக்காரப் பாட்டிக்கு அந்தத் துறையில் மேற்படிப்பு. சாப்பாடு தலைவாழை இலையில். நடு என்பதே கிடையாது. ஆளுக்கு ஒரு தேசம். சாம்பார் வாளியோடு நான் நின்றுகொண்டிருப்பேன். போதுமென்று குறுக்கே நீட்டுகிற கையின் விரலிடுக்கு வழியாக ஊற்ற எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்தால் இலையை மடிக்க வேண்டும் என்பதைப் பாயசம் இரண்டாம் தடவை வரும்வரை யாரும் அவர்களிடம் சொல்லக் கூடாதென்று பையனுக்குக் கட்டளை. ஒரு வேளை வெளியே சாப்பிடப் போவோம். சம்பந்தியம்மா போனோடு வருவார் என்று தெரியும். அந்த ஓட்டலுக்கு நான் நேற்றே போய் முழுப் பணத்தையும் கட்டி ரசீது வாங்கியாயிற்று.